கை இறங்கும் இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர், அவருடைய மனைவி, மகள் சரோஜா, அவரிடம் வேலை செய்த மணியம், முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்த நான். இல்லாதவன் ஒருவன்தான்: கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்ட மூத்த மகன். அவன் இருந்திருந்தால் முதல் வாரமே வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்திருப்பான் என்று மணியம் சொல்வான். கெடுத்திருப்பானா, காப்பாற்றியிருப்பானா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் ஜன்னல்களைச் சாத்துவார். முற்றத்துக் கோழிகளைப் பின்பக்கம் விரட்டச் சொல்வார். சுவர்க்கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்துவார். வெளியே மலாக்காவின் காஜா பெராங் சாலையில் லாரி எதுவும் போனால் அது மறைகிற வரை விரலை உயர்த்திக்கொண்டு காத்திருப்பார். பிறகு பெட்டி ஸ்பீக்கருக்கு முன்னால் பாயில் நாங்கள் அரைவட்டமாக உட்கார வேண்டும். ஒரு காதில் பஞ்சை வைத்து அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொள்ள வேண்டும். மற்றக் கையை உயர்த்த வேண்டும். ஒலி கேட்கிற வரைக்கும் கை மேலே. கேட்காமல் போனதும் கீழே. அடுத்து காதை மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து.

இதற்கென்று அவரிடம் ஓர் இசைத்தட்டு இருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரின் சாமான்களை ஏலம் விட்டபோது, யாரும் சீண்டாத பெட்டிக்குள் கிடந்ததாம். அதில் பாட்டு கிடையாது. ஒரு குரல் ஆங்கிலத்தில் ஓர் எண்ணைச் சொல்லும். உடனே ஓர் ஒலி வரும். விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதுதான் அந்த எண். ஐம்பது என்று சொன்னால் ஆற்றுமுகத்தில் கப்பல் ஊதுவதுபோல் அடிவயிற்றில் அதிரும். ஆயிரம் என்றால் யாரோ சீழ்க்கை அடிப்பதுபோல் இருக்கும். எண் ஏற ஏற ஒலி மெலிந்து கூராகிக்கொண்டே போகும். பன்னிரண்டாயிரத்தில் அது காதில் கேட்கிறதா, கேட்பதாக நினைக்கிறோமா என்று சத்தியம் செய்ய முடியாது. அங்கே அவருடைய கை இறங்கும். அவர் முகத்தில் ஊர் எல்லை வரை போய்த் திரும்பியவரின் நிம்மதி தெரியும்.

அக்கம்பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ‘கைதூக்கற வீடு’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

அவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். ஊர் அவரைச் செட்டுக்காரர் என்றது. நான் மாமா என்றேன். ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், இசைத்தட்டுச் சுழற்றி ஒன்று, ஒரு பெட்டி பாட்டு. இவைதான் அவருடைய சொத்து. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டம் இல்லாத சாயங்காலமே இல்லை. மூன்று நான்கு மொழிகளில் பேசினார்கள். எல்லாக் கட்சிக்கும் அவர் செட்டுக் கட்டினார். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் தெரியாது என்பார். “அந்த ஒல்லியா ஒருத்தரு பேசுனாரே, அவரு குரல் நாலாயிரத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல, தகரம்” என்பார்.

அவரிடம் யாரும் “கேக்குதா?” என்று கேட்டுவிடக் கூடாது. மைக்கின் முன்னால் நின்று எல்லாரும் கேட்கிற கேள்வி அது. அவருக்குப் பிடிக்காது. “கேக்குதா இல்லையான்னு கேக்காத. எது வரைக்கும் கேக்குதுன்னு கேளு” என்பார். இந்த ‘எது வரைக்கும்’ அவரோடு பிறந்த ஒன்று. கல்யாண வீட்டில் செட்டைக் கட்டிப் பாட்டைப் போட்டுவிட்டு மணியத்தை அங்கே நிறுத்திவிட்டு, சாலையில் நடக்க ஆரம்பித்துவிடுவார். தன் செட்டின் சத்தம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்கத்தான் அந்த நடை. புக்கிட் ரம்பாயில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்து இறங்குகிற நேரம் பார்த்து ஊசி ஒரே கோட்டில் மாட்டிக்கொண்டது. மணியம் மரத்து மேல் இருந்தான். பாடகி ‘வா வா வா வா’ என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். செட்டுக்காரரைத் தேடி ஆள் போயிற்று. வெகுதூரம் தள்ளி ஒரு சின்னப் பாலத்தின்மேல் அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாராம். வந்தவர் வெட்கப்படவும் இல்லை. “பாலம் வரைக்கும் வார்த்தை புரியுது. அதுக்கப்பறம் ராகம் மட்டுந்தான்” என்று மணமகளின் அப்பாவிடமே தகவல் சொன்னார்.

நான் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போய்ச் சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் எழுதியவன் நான்தான். மலாக்கா டவுனில் குமாஸ்தா வேலை கிடைத்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த முதல் ஞாயிறே பாயில் உட்கார வைத்துவிட்டார். வலக்காதுக்கு எல்லாம் சரியாக வந்தது. இடக்காதுக்கு வந்தபோது ஐயாயிரத்தில் என் கை இறங்கிவிட்டது. சின்ன வயதில் காதில் சீழ் வைத்ததும், அம்மா எண்ணெய் காய்ச்சி ஊற்றியதும் நினைவுக்கு வந்தன. இருபது வருஷம் என் காதைப் பற்றி எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறேன். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் அதைப் பார்த்துவிட்டு, “அதனால என்னா? ஒன்னோட எல்லை தெரிஞ்சுபோச்சுல்ல. நாளைலேருந்து ஆபீசுல தொரைக்கு வலப்பக்கம் நிக்காத. எடப்பக்கம் நில்லு, வலக்காது அவருகிட்ட இருக்கும்” என்றார். அன்று முதல் இன்றுவரை நான் யாரோடு நடந்தாலும் அவருக்கு இடப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

அத்தை, அதாவது அவருடைய மனைவி, அங்கேயே காஜா பெராங்கில் பிறந்தவர்; தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் தங்கிவிட்ட செட்டி வீட்டுப் பெண். அவருடைய பிறந்த வீட்டில் மாரியம்மன் உண்டு, விபூதி உண்டு, தமிழ் கிடையாது, மலாய்தான் பேச்சு. சாரோங்கும் கெபாயா மேல்சட்டையும் உடுத்தி, கொண்டையில் ஊசி செருகியிருப்பார். தமிழை மாமாவிடம்தான் கற்றுக்கொண்டார். கற்றதைத் தன் இஷ்டத்துக்குக் கலந்துகொள்வார். யாரையாவது தடுக்க வேண்டுமென்றால் ‘ஜாங்கான், வேணாம்’ என்று இரண்டு மொழியிலும் தடுப்பார். பாவம் என்று சொல்ல ‘கெசியான்’தான். மாமா பெண் கேட்டுப் போனபோது அத்தையின் அப்பா, இந்தத் தமிழாளிடம் என்ன இருக்கிறது என்று கேட்டாராம். நிலமா, கடையா, சர்க்கார் உத்தியோகமா? “நல்ல காது இருக்கு” என்றாராம் மாமா. அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் கெபாயாவின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். “எங்க அப்பாவுக்குச் சிரிப்பு வந்து வந்து, கடைசியில சரின்னு சொல்லிட்டாரு.”

தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிறு. வழக்கம்போல் எல்லாக் கைகளும் மேலே இருந்தன. அந்த ஆங்கிலக் குரல் எட்டாயிரம் என்றது. ஒலி வந்தது. மாமாவின் கை இறங்கிற்று.

நாங்கள் கண்ணைத் திறந்துதான் உட்கார்ந்திருப்போம். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். அவர் தலையைச் சற்று முன்னால் நீட்டி, எதற்கோ காத்திருப்பவர்போல் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலி என் வலக்காதில் தெளிவாக ஊதிக்கொண்டிருந்தது. அத்தை அவரைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு தன் கையை மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். சரோஜாவின் கை இறங்கிற்று. மணியத்தின் கை இறங்கிற்று. என்னுடையதும் இறங்கிற்று. யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. பெரியவர் எழுந்தால் எழுவதும், அவர் உட்காராமல் உட்காராததும் யார் சொல்லித் தந்து வந்தது? அப்படித்தான் இதுவும் வந்தது.

ஒன்பதாயிரம் என்றது குரல். கூடமே அந்த ஒலியால் நிறைந்திருக்க, ஐந்து பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“என்னாது இது?” என்றார் மாமா. “ஒங்களுக்கும் இல்லையா?”

“இல்லீங்க” என்றார் அத்தை.

“மணியம்?”

“இல்ல மாமா. சுத்தமா இல்ல.”

“ஊசி தேஞ்சுபோச்சு” என்றார் மாமா. முடிவு சொல்லிவிட்டவரின் குரல் அது.

நான் அடுத்த வாரம் நூலகத்துக்குப் போய் ஒரு மருத்துவப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். வயது ஏறும்போது உயர்ந்த ஒலிகள்தான் முதலில் மறையும், எல்லாருக்கும் அப்படித்தான், சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் என்று போட்டிருந்தது. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. படித்தவன் என்ற முறையில் அடுப்படியில் போய் அத்தையிடம் விளக்கமாகச் சொன்னேன். எல்லாருக்கும் வருவதுதான் என்று தெரிந்தால் அவரும் ஏற்றுக்கொள்வார் என்றேன். அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“புஸ்தகத்துல எல்லாருக்கும்னு போட்டிருக்கா?”

“ஆமா அத்தை.”

“அவரு எல்லாரும் இல்ல, தம்பி.”



வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரமும் புதரும் இருந்தன. பொழுது சாயும்போது அதிலிருந்து சில்வண்டுகள் ஒரே கம்பியாக இழுக்கும். பேசுகிற பேச்சுக் கேட்காது. அப்படி ஒரு சாயங்காலம் மாமா பின்வாசலில் குழாய் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் சரோஜாவும் பக்கத்தில் இருந்தோம். “கவனிச்சியா?” என்றார். “இந்தப் பக்கம் சில்வண்டே இல்லாமப் போச்சு. முன்னல்லாம் என்னா சத்தம் போடும்! டவுனு வளந்துக்கிட்டே வருது. பத்து பெரெண்டாம் பக்கம் மரத்தையெல்லாம் வெட்டுறாங்க. அதுங்களும் எங்க போவும்?”

சில்வண்டுகள் அப்போது கத்திக்கொண்டிருந்தன. அவர் சொன்னதே எனக்குப் பாதிதான் கேட்டது. சரோஜா எழுந்து உள்ளே போய்விட்டாள். “ஆமா மாமா, கொறஞ்சுதான் போச்சு” என்றேன்.

இப்போது நான் வேலை பார்க்கும் ஊரில் பொழுது சாய்ந்து அந்தச் சத்தம் எழும்பியதும் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். அடங்குகிற வரைக்கும் கேட்கிறேன். கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இவ்வளவும் எனக்குக் கேட்கிறது, வலக்காதில் மட்டுமாவது. யாருக்குப் போய் இதைக் கொடுப்பது என்று தோன்றும்.

ஊசியை மாற்றினார். ஒன்றும் மாறவில்லை. தட்டுத்தான் தேய்ந்திருக்கும் என்று அதே போன்ற புதுத் தட்டைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார். குரல் எட்டாயிரம் என்றது. அவர் கை இறங்க, நாங்களும் இறக்கினோம். பிறகு ஊசி மாட்டும் தலையை மாற்றினார். அதற்குப் பிறகு பெட்டி ஸ்பீக்கரை மாற்றினார். அவர் கணக்கில் தவறே இல்லை. தட்டில் ஒலி இருக்கிறது. குரலே எண்ணைச் சொல்கிறது. வீட்டில் ஐந்து பேருக்கும் அது கேட்கவில்லை. ஐந்து பேருக்கும் ஒரே நாளில் காது போகுமா? அப்படியானால் பழுது சாமானில்தான் இருக்க வேண்டும். இப்படி அவரை நினைக்க வைத்ததே எங்கள் கைகள்தான்.

சாமான் மழுங்கிவிட்டது என்று முடிவு செய்தவர் வேறு என்ன செய்வார்? கூர்மையைக் கூட்டுகிற டிரெபிள் குமிழைத் திருகினார். தனக்குக் கேட்கிற வரைக்கும் திருகினார். கல்யாண வீடுகளில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. மணியம் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டான். கேட்டால் சளி என்பான். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு மணமகளின் தகப்பனார் பந்தியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். “யோவ் செட்டு, பொண்ணு காதுல தோடு போட்டிருக்கோம். அத அறுத்துராதய்யா!” கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. “செட்டுல கூர் இல்லீங்க. கொஞ்சம் ஏத்தி வச்சேன்” என்றார் பணிவாக. “இன்னுங் கூரா? சாணை புடிக்கிறவனக் கூப்புட்டிருந்தா மலிவா முடிஞ்சிருக்கும்.”

அந்த வாரம் அடுப்படியில் பெரிய வாக்குவாதம். மாமா பெண்டஹாரா சாலையில் யாரையோ பார்க்கப் போயிருந்தார்.

“சொல்லிரலாம்மா” என்றாள் சரோஜா. “பாக்கறவங்கல்லாம் சிரிக்கிறாங்க.”

“சிரிக்கறது செட்டப் பாத்து.”

“செட்டும் அப்பாவும் வேற வேறயா?”

“வேறதான். செட்டு பழுதுன்னா வேற வாங்கலாம்.” அத்தை அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “கெசியான். அவருகிட்ட வேற என்னா இருக்கு? எங்க அப்பாகிட்ட அவரு என்னா சொல்லி என்னக் கூட்டியாந்தாரு? அது போச்சுன்னு நா எந்த வாயால சொல்றது?”

“ஜனங்க கூப்புடாம விட்டுட்டா?” என்றான் மணியம். “எனக்கும் சோறு அதுலதான் அத்தை.”

“ஜாங்கான், வேணாம். யாரும் சொல்லக் கூடாது. காசு நா பாத்துக்கறேன்.” அடுத்த நாளிலிருந்து அத்தை விடியுமுன் எழுந்து கூடுதலாகப் பலகாரம் செய்து பாசார் கடைகளுக்கு அனுப்பினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய வேலை வந்தது. சுதந்திர நாளன்று எங்கள் பகுதித் திடலில் விழா. கோலாலம்பூரிலிருந்து வானொலி சொல்வதை ஊர் முழுக்கக் கேட்கும்படி செட்டுக் கட்ட வேண்டும். திடலுக்கு மேல்பக்கம் சீனர் வீடுகள், கீழ்ப்பக்கம் கம்பம் என்கிற செட்டிக் குடியிருப்பு, அப்பால் மலாய் வீடுகள். மாமா மூன்று நாள் தரையில் கால் படாமல் நடந்தார். அப்படிப்பட்ட நாளில் மழுங்கிய செட்டையா கட்டுவது? பழைய ஆம்ப்ளிஃபையரைப் புக்கிட் ரம்பாயில் ஒரு கோப்பிக் கடைக்காரருக்கு வந்த விலைக்குக் கொடுத்தார். சிங்கப்பூருக்கு ரயிலேறிப் போய், தவணைக்குப் புது ஆம்ப்ளிஃபையர் எடுத்துவந்தார். சாம்பல் நிறம். முன்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு.

விழாவுக்கு முந்திய ஞாயிறு. ஜன்னல்கள் சாத்தியாயிற்று, கடிகாரம் நின்றாயிற்று. எதிர்ச் சாரியிலிருந்த சீனக் கோப்பிக் கடைக்காரரின் கடைக்குட்டி, எல்லாரும் ஆ மோய் என்று கூப்பிடும் ஆறு வயதுப் பெண், அத்தையிடம் பலகாரம் வாங்க வந்தவள் கூடத்தில் நின்றுவிட்டாள். கையைத் தூக்குகிற விளையாட்டை ஜன்னல் இடுக்கு வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. யாரும் கூப்பிடாமலே சரோஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கிக்கொண்டாள். மாமாவுக்குச் சந்தோஷம். இப்படிச் செய் என்று மலாயில் சொல்லி, அவள் காதில் தானே பஞ்சை வைத்தார்.

எட்டாயிரம். மாமாவின் கை இறங்கிற்று. எங்கள் கைகளும் இறங்கின. அவர் முகம் விழுந்துவிட்டது. புது மெஷின், புது ஸ்பீக்கர், புதுத் தட்டு. அப்போதும் இல்லை.

ஆ மோயின் கை மேலே இருந்தது.

அவள் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்ததும் பல் விழுந்த வாயால் சிரித்தாள். ஒன்பதாயிரம். கை மேலே. பத்தாயிரம். கை இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று.

“கேக்குதா?” என்று மாமா மலாயில் கேட்டார். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

“கேக்குது லா, மாமா. ரொம்ப சத்தம்” என்று அவளும் மலாயில் சொன்னாள்.

மாமா எழுந்து ஊசியைத் தூக்கினார்.  பிறகு, “எல்லாரும் கண்ண மூடுங்க. மறுபடியும் போடறேன். நா கண்ணத் தொறந்து வச்சிருப்பேன்” என்றார்.

கண்ணை மூடினேன். அவருடைய கை எங்கே இருக்கிறது என்று இனித் தெரியாது. இருட்டில் ஒவ்வொருவரும் தனியாக இருந்தோம். ஐம்பது ஊதியது. ஆயிரம் சீழ்க்கை அடித்தது. “நீ என்னா ஆயிரத்துலயே கையப் போட்டுட்ட?” என்று மாமா கேட்பது காதில் விழுந்தது. அத்தையைத்தான். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று, ஊரே கேட்கிற இடத்தில் கையை இறக்கியிருக்கிறார்.  எட்டாயிரம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையைக் கீழே இறக்க எனக்கு வரவில்லை. ஒன்பதாயிரம். பத்தாயிரம். பன்னிரண்டாயிரத்தில் ஒலி நூலாகி இற்றுப்போனதும் கையை இறக்கிக் கண்ணைத் திறந்தேன். மணியத்தின் கை முகத்துக்கு நேராகப் பாதியில் நின்றது. சரோஜாவின் கை நேராக, விறைப்பாக மேலே இருந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆ மோயின் கையும் மேலேதான். அவர்களுக்கு நடுவே, தனக்குக் கேட்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி மாமா உட்கார்ந்திருந்தார். கோபம் எதுவும் இல்லை அவர் முகத்தில். இசைக் கச்சேரிக்கு வெளியே, வேலிக்கு அப்பால் நின்று பார்க்கிறவரைப்போல் இருந்தார்.

தட்டு முடிந்து ஊசி வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. “சரோஜா” என்றார். “பன்னண்டாயிரம் எப்புடி இருந்துச்சு?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “மெல்லிசா இருந்துச்சுப்பா. காதுல இல்ல, பல்லுல கூசற மாதிரி. வெளிச்சம் பட்டாக் கண்ணு கூசுமே, அப்புடி.”

“ஆமா” என்றார். “அப்புடித்தான் இருக்கும்.” பிறகு, கேட்கலாமா என்று யோசித்தவர்போல், “அப்ப, சில்வண்டு?” என்றார்.

“இருக்குப்பா.”

“இருக்கா?”

“தெனமும் இருக்குப்பா.”

தலையை ஆட்டினார். ஆ மோய்க்குப் பலகாரம் கொடுத்தனுப்பு என்று அத்தையிடம் சொன்னார். ஜன்னல்களைத் திறந்தார். கடிகாரத்தைத் தட்டிவிட்டார். இரண்டு நாள் அவர் செட்டுப் பக்கமே போகவில்லை. செட்டை விற்றுவிடப்போகிறார், விழாவுக்கு ஆள் மாற்றச் சொல்லப்போகிறார் என்று மணியம் பயந்துகொண்டே இருந்தான். அத்தை பரிமாறும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர், “சரோஜா, இங்க வா. இது சத்தத்துக்கு, இது அடி ஒலிக்கு, இது டிரெபிளு” என்று காற்றில் குமிழ்களைத் திருகிக் காட்டினார். அத்தை சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதார். அந்த அழுகையை மாமா கேட்டிருக்க முடியாது. ஆனாலும், “அவள மூக்கச் சிந்தச் சொல்லு” என்றார் என்னிடம்.

சுதந்திர நாளன்று திடலில் செட்டு மேசைக்குப் பின்னால் பாவாடை தாவணியோடு சரோஜா உட்கார்ந்திருந்தாள். பெண்பிள்ளை இத்தனை ஆம்பிளைக்கு நடுவில் மெஷினைத் திருகுவதை ஊர் அதுவரை பார்த்ததில்லை. “என்னா செட்டு, பொட்டப் புள்ளய ஒக்கார வச்சிட்ட? ஆம்பள யாரும் கெடைக்கலையா?” என்று ஒருவர் கேட்டார். “அவளுக்குப் பன்னண்டாயிரம் வரைக்கும் கேக்கும்” என்றார் மாமா. “ஒனக்கு எது வரைக்கும்?”

கேட்டவர் நகர்ந்துவிட்டார். வானொலிக் குரல் திடலின் நான்கு பக்கமும் போயிற்று. ஒரு பிள்ளைகூடக் காதைப் பொத்தவில்லை. கூட்டம் கை தட்டியது. மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் அப்படித்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் பேச்சை எடுத்தார். “இந்தப் பத்து மாசமும் எனக்கு ஒண்ணுமில்ல, செட்டுலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கியிருக்கேன்.”

“தூங்குனது நீங்க மட்டுந்தான்” என்றார் அத்தை.

மணியம் குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். மாமாவும் சிரித்தார். பிறகு, “மொத்தம் எவ்வளவு ஆச்சு?” என்றார். அத்தை காசுக் கணக்கை மலாயில்தான் போடுவார். ஊசி, தட்டு, தலை, ஸ்பீக்கர், மெஷின் என்று விரல்விட்டுக் கூட்டினார். பழையதை விற்றதைக் கழித்தார். பாதியில் நிறுத்தி, “இன்னும் தவணை இருக்கே” என்றார்.

அந்தத் தவணை முடிவதற்குள் எனக்கு வேலை மாற்றலாகிவிட்டது. பிறகு ஒருமுறை நான் இருக்கும் ஊருக்கு வந்த மணியம்தான் மொத்தத் தொகையைச் சொன்னான். அத்தையின் பலகாரக் காசில்தான் முக்கால்வாசி கட்டியதாம். வட்டியும் சேர்த்து எண்ணூற்று அறுபத்து மூன்று மலாயா வெள்ளி.